வேண்டாம் என்று சொல்லும் பயிற்சி

போதைப்பொருள் தடுப்பு வகுப்பில் நாடகம் நடக்கிறது. சாக்பீஸ்தான் போதைமருந்து, நீட்டுகிறவள் வில்லி, மறுக்கிறவள் நல்லவள். இதுவரை வந்த வில்லிகள் கண்ணை உருட்டி மிரட்டியதில் டீச்சருக்கே சிரிப்பு அடங்கவில்லை. இப்போது, வகுப்பே ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் பெண் வில்லியாக, சாக்பீஸோடு எழுந்து வருகிறாள். காலையிலிருந்து தொண்டை கிழிய "வேண்டாம்" என்று கத்திய வாயாடியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நெற்றியில் விழுந்த முடியை மெல்ல ஒதுக்கிவிடுகிறாள். "சாப்டியா? இன்னிக்கும் வீட்ல சண்டையா? விடு, நான் இருக்கேன்ல." மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. பெஞ்சில் விழுந்திருக்கும் வெயில் கோட்டைத் தாண்டி வாயாடியின் கை தானாக நீண்டு சாக்பீஸை வாங்கிக்கொள்கிறது. "ஐயோ, வேண்டாம்னு சொல்லுடி!" என்று பின்பெஞ்சு அலறுகிறது. டீச்சரின் சிரிப்பு நின்றுபோகிறது. "இப்படிப் பேச யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" "எங்க அக்காவுக்கு அதைக் கொடுத்தவங்க இப்படித்தான் பேசினாங்க, டீச்சர். அவளும் இதே க்ளாஸ்ல வேண்டாம்னு நல்லாத்தான் சொன்னா." டீச்சர் கையேட்டைப் புரட்டுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் முறைக்கிற முகங்கள். அன்பாகக் கேட்கிற முகம் ஒன்றுகூட இல்லை. மணி அடிக்கிறது. "சாக்பீஸைக் கொடும்மா" என்று வாயாடியிடம் கை நீட்டுகிறாள். வாயாடி விரல்களை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள்.