சத்தமில்லாத இடம்

"பக்கத்தில வேற வீடு ஒண்டும் இல்லைத்தானே அக்கா?" என்று யோகநாதன் மறுபடியும் கேட்டான்.

"இந்தத் தீவில என்ர வீடு மட்டும்தான் தம்பி. புதுசாக் கலியாணம் முடிச்ச சோடிக்கு இதைவிட அமைதியான இடம் எங்க கிடைக்கும்?" என்று சிரித்தாள் வீட்டுக்காரி இராசமலர்.

முல்லைத்தீவில் இரண்டு இடங்களைப் பார்த்து வேண்டாம் என்று விட்டுத்தான் இங்கே வந்திருந்தான். ஒன்றில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். மற்றதில் வீட்டுக்காரர் முற்றத்தில் நாலு பேரைக் கூட்டி வைத்துக் கலவரக் கதை கதைத்துக்கொண்டிருந்தார்.

தேனிலவுக்கு வந்தவனுக்கு என்ன இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். அது ஐம்பத்தெட்டாம் ஆண்டு. வைகாசியில் தெற்கே சிங்களவர்-தமிழர் கலவரத்தில் அடிபட்ட தமிழ்ச் சனம் உடுத்த துணியோடு வந்து இந்த வன்னிப் பக்கத்திலும் இறங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் பெட்டியைப் பிடித்தபடி நின்ற புதுப்பெண்ணின் பெயர் சோமாவதி. கண்டியில் அவன் கிளார்க் வேலை பார்த்த இடத்தில் மனம் பறிகொடுத்த சிங்களப் பெண்.

அங்கே இருந்தால் அவன் தலை தப்பாது, இங்கே தெரிந்தால் அவள் தலை தப்பாது. ஆனாலும் மலைநாட்டில் பிறந்தவளுக்குக் கடல் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். பொட்டு வைத்து, நம்மவர்போலச் சேலை உடுத்தப் பழக்கி, ஒன்றே ஒன்று சொல்லிக் கூட்டி வந்தான். என்ன நடந்தாலும் வாய் திறக்கக்கூடாது.

உப்புநீர்க் களப்பு கடலோடு சேருமிடத்தில் இருந்த சின்னத் தீவு அது. இவர்களை இறக்கிவிட்ட வள்ளம் திரும்பிப் போய்விட்டது. இனி நாளைக் காலைதான் வரும்.

இராசமலர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாள். அவளைக் கிட்டத்தில் கண்டதும் சோமாவதி பெட்டியை வைத்துவிட்டு, இரண்டு முழங்காலையும் மண்ணில் ஊன்றி, கை கூப்பி, நெற்றி நிலத்தில் பட வணங்கினாள். ஒரு வீட்டுக்குப் போனால் அங்குள்ள மூத்தவளை அப்படி வணங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

யோகநாதன் சட்டென்று அவளைத் தூக்கி நிறுத்தினான். வாயைப் பூட்டச் சொன்னவன் முழங்காலைப் பற்றி யோசிக்கவில்லை. அறை பார்க்க வந்த இடத்தில், முன்பின் தெரியாதவளின் காலடியில் நம்மூரில் யார் இப்படி விழுகிறார்கள்?

இராசமலரின் சிரிப்பு நின்றுவிட்டது. இளநீரைக் கீழே வைத்தாள், கத்தி கையிலேயே இருந்தது.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்று சோமாவதியைப் பார்த்துக் கேட்டாள்.

"விமலேஸ்வரி," என்று அவசரமாகச் சொன்னான் யோகநாதன்.

"அவாவைச் சொல்ல விடுங்கோவன்."

"அவா கதைக்கமாட்டா அக்கா. காதும் கேளாது."

"ஓமோ?" என்ற இராசமலர், கையிலிருந்த கத்தியைத் தகரப் பீப்பாவுக்குள் எறிந்தாள். அது போட்ட சத்தத்தில் சோமாவதி திடுக்கிட்டுத் திரும்பினாள். இராசமலர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யோகநாதன் பேச்சை மாற்றப் பார்த்தான். "உங்களைப் பாக்க இஞ்ச ஆக்கள் வந்து போறவையோ அக்கா?"

"என்னட்ட ஆர் வரப்போகினம்? நான் கலியாணம் முடிச்ச நாளில இருந்து தாய் வீட்டாக்கள் எட்டியும் பாக்கேல்ல. அவர் கண்ணை மூடின பிறகு அவற்ற தம்பிதான் சாமான் கொண்டு வாறவன். அவனையும் வைகாசியில அனுராதபுரத்தில வைச்சுக் கையை முறிச்சுப்போட்டாங்கள். நாளைக்கு அந்த வள்ளத்திலதான் வாறான்."

அதன்பிறகு அவள் காட்டிய அறையை யோகநாதன் எங்கே பார்த்தான்? யன்னலைத் திறந்தால் கடல், தரையில் புதுப்பாய். வேறொரு வருடமாக இருந்தால் இந்த அறைக்குச் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பான். இப்போது கதவின் தாழ்ப்பாளை மட்டும்தான் பார்த்தான்.

"தம்பி, கிணறு அந்தத் தாழம்பற்றைக்கு அங்கால. ஒரு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ. பிள்ளை என்னோட நிக்கட்டும்."

"அவாவும் என்னோட வரட்டும் அக்கா."

"ஏன், நான் கடிச்சுத் தின்னவோ போறன்?"

மறுத்தால் தானே காட்டிக் கொடுத்ததாகிவிடும். யோகநாதன் வாளியை எடுத்துக்கொண்டு போனான். அரை வாளி வந்ததும் அதையும் சிந்திக்கொண்டு ஓடி வந்தான்.

அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஒரு பெண்குரல் விம்மி அழுவது கேட்டது.

"அக்கா! கதவைத் திறவுங்கோ! அவா ஒரு பிழையும் செய்யேல்ல!"

நாளை வரப்போகிற வள்ளமும் முறிந்த கையும்தான் அவன் நினைவில் வந்தன. தன் ஆசைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து பலி கொடுத்துவிட்டேனே என்று நெஞ்சு வெடித்தது. தோளால் இடித்தான். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் கழன்றது.

சோமாவதி பாயில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். இராசமலர் அவள் முன்னால் முழங்காலிட்டு, அவள் கைகள் இரண்டையும் பிடித்து, கண்ணீர் வழிய, கண்டிப் பக்கத்துச் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லாவது கதை மகள், எங்கட பாசையைக் கேட்டு எத்தினை வருசம்!"