இருபத்தாறு பேரும்

"இந்தப் பேப்பரை எழுதினது நீங்கதானே சார்?"

வந்தவள் நீட்டிய பிரதியைப் பார்த்ததுமே வெங்கடரமணனுக்குத் தெரிந்துவிட்டது. புற்றுநோய் மரபணுக்கள் பற்றி அவர் எழுதிய தொண்ணூற்று நான்கு ஆய்வுக் கட்டுரைகளில், உலகம் முழுக்க அதிகம் பேர் மேற்கோள் காட்டியது அதுதான். லஸ் அருகே இருந்த வைகறை மரபணு ஆய்வு மையத்துக்கே அதனால்தான் பெயர் கிடைத்தது. மறுநாள் இயக்குநர் பதவிக்கு நேர்காணல். தன் கட்டுரைப் பட்டியலை அவர் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இவள் வந்து நின்றாள்.

"ஆமாம்மா. உட்காருங்க. நீங்க?"

"ஜமீலுன்னிசா. மேற்கு மாம்பலம். ப்ளவுஸுக்கு ஆரி வேலை செய்றேன். எங்க அக்கா கைசர் ஜஹான் போன மாசம் மவுத்தாயிடுச்சு. மார்ல கேன்சர்."

"அடடா." அவர் மடிக்கணினியை மூடினார்.

"டாக்டரு ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு ஜீன்ல கோளாறு கீதுன்னாரு. அப்பால இந்தப் பேப்பரைக் காட்னாரு. இதே கோளாறு இருந்த இருபத்தாறு பேரும் ரெண்டு வருஷத்துக்குள்ள போய்ட்டாங்க, ஆபரேஷன், கீமோ எதுவும் அவங்களைக் காப்பாத்தலன்னாரு. வீணா எதுக்கு அவஸ்தைன்னு அக்கா வைத்தியமே வேணான்னு வூட்டுக்கு வந்துடுச்சு. ஏழு மாசம் கெடந்துச்சு. கடைசியில தண்ணி கூட எறங்கல."

இறந்தவர்களின் வீட்டார் இப்படி வருவது அவருக்குப் புதிதல்ல. யார்மேலாவது கோபப்பட்டால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். பொறுமையாகப் பேசி அனுப்ப அவர் பழகியிருந்தார்.

"உங்க அக்கா தப்பான முடிவு எடுத்துட்டாங்கன்னு வருத்தப்படாதீங்க. வைத்தியம் பண்ணியிருந்தாலும் கஷ்டம்தான் மிஞ்சியிருக்கும்."

"நிச்சயமா சொல்றீங்களா சார்?"

"இருபத்தாறுக்கு இருபத்தாறும்மா. ஒரே ஒருத்தர் பிழைச்சிருந்தாலும் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்."

அவள் அட்டவணை இருந்த பக்கத்தைத் திருப்பினாள். "அக்கா போனதுக்கு அப்பால அதோட பொண்ணு ஆஃப்ரீன்தான் எனக்குப் படிச்சு அர்த்தம் சொல்லிச்சு. யாருக்கும் பேரு போடல, நம்பர்தான் கீது. எல்லாருக்கும் நேரா செத்துட்டாங்கன்னு போட்டுக்கீது. அவங்க செத்தது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அந்த அட்டவணை தயாரான நாள் வெங்கடரமணனுக்கு நினைவு வந்தது. இருபத்தாறு பேரில் பதினோரு பேர் பாதியிலேயே பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். போன் செய்தால் எடுக்கவில்லை. என்ன போடுவது என்று உதவியாளர் ஸ்நேஹா கேட்டாள். "இந்த வியாதியோட வராம போனவங்க வேற எங்க போயிருப்பாங்க? இறந்துட்டதாவே போடு" என்று சொன்னது அவர்தான். அந்தப் பதினோரு பேரையும் சேர்த்த பிறகுதான் கட்டுரைக்கு வலு வந்தது. அதன் பிறகுதான் பெரிய பத்திரிகை அதை வெளியிட ஒப்புக்கொண்டது.

"எல்லாம் ரெக்கார்டைப் பார்த்துத்தாம்மா எழுதறோம்," என்றார். "அதுல தப்பு வராது."

அவள் பையைத் துழாவி, பிளாஸ்டிக் உறைக்குள் மங்கிப்போயிருந்த ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆய்வுக்காகக் கட்டியின் துண்டைக் கொடுத்தவர்களுக்கு அவருடைய மையம் கொடுத்த சீட்டு. அதில் பெயர் இல்லை. எண் மட்டும் இருந்தது: பதினேழு.

அவர் அட்டவணையில் விரலை ஓட்டினார். பதினேழாம் எண், வயது முப்பத்தெட்டு, பதினான்காவது மாதத்தில் மரணம்.

"சின்ன வயசு, பாவம். இவங்களும் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"நான்தான் சார் அது," என்றாள் ஜமீலுன்னிசா. "எங்க வூட்டுக்காரருக்கு வேலூர்ல வேலை கெடச்சு அங்க போய்ட்டோம், மிச்ச வைத்தியமும் அங்கயே பார்த்துக்கினேன். நான் பொழைச்சதைச் சொல்லிச் சொல்லித்தான் அக்காவை ஆபரேஷனுக்குக் கூப்ட்டேன். உனக்கு வந்தது வேற வியாதிடி, எனக்கு வந்ததுல ஒருத்தரும் பொழைக்கலன்னு, உங்க பேப்பரைத்தான் சார் என் கையில குடுத்துச்சு."