வெள்ளி வேண்டாம், டாக்டர்

"வெள்ளி வச்சு அடைச்சா நீ கல்லறைக்குப் போன பொறவும் அசையாதுலே. வெள்ளை மாவு அப்படி இல்ல. ஒரு வருசம் தாங்கினாலே அதிசயம்."

"கொட்டுனாக் கொட்டட்டும், டாக்டர். எனக்கு வெள்ளையே போதும்."

போன வருஷம் இதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு பல் டாக்டர் மச்சாதுவிடம் சொன்ன பதில், இப்போது இனிகோவின் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தான். அவன் முத்துத் தரகன். முத்து அசலா போலியா என்று தரகர்கள் பல்லில் உரசித்தான் பார்ப்பார்கள். நறநறத்தால் அசல், வழுக்கினால் கண்ணாடி. வாயின் எந்த மூலையில் உலோகம் இருந்தாலும் பல்லின் கூச்சம் செத்துவிடும், அப்புறம் முத்து பொய் சொல்லும் என்றான். முத்தை முன்பல்லில்தானே உரசுவார்கள், உன் ஓட்டை கடைவாய்ப் பல்லில் அல்லவா இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். அது தொழில் ரகசியம் என்று சொல்லி இனிகோ வாயை மூடிக்கொண்டான். மூடாதே, திற என்றார் டாக்டர்.

உண்மையான காரணம் பக்கத்து மேசையில் மாவு குழைத்துக்கொண்டிருந்தது. பெயர் செசிலி. டாக்டரின் ஒரே மகள்.

தூத்துக்குடியில் ஒரு பெண்ணிடம் பேச இடம் ஏது? பெரிய கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கடற்கரை ரோட்டில் நின்றால் உப்பு வண்டிக்காரன்வரை நின்று பார்த்துவிட்டுப் போவான். பல்வலிக்காரன் மட்டும் அரைமணி நேரம் ஒரு பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு சங்கடம், அவள் கிட்டே வரும்போதெல்லாம் வாய் நிறையப் பஞ்சு இருக்கும்.

பெரியப்பாவைப் பெண் கேட்க அனுப்புவதற்கு முன்னால் அவள் மனம் தெரிய வேண்டும். தெரியாமல் அனுப்பி, பெரியப்பா மூக்கறுபட்டுத் திரும்பினால் சாகும்வரை சொல்லிக்காட்டுவார். அதனால் அவளிடமே ஒரு வார்த்தை கேட்க நினைத்தான். அந்த வார்த்தை ஒரு வருஷமாகப் பஞ்சுக்கு உள்பக்கமே கிடந்தது.

ஆரம்பத்தில் அடைப்பைப் பெயர்க்க இனிகோ படாத பாடு பட்டான். பனங்கற்கண்டைக் கடித்தான், நண்டு ஓட்டை நொறுக்கினான், ஒருநாள் சங்கைக்கூடக் கடித்துப் பார்த்தான். போகப் போக மாதா மனமிரங்கினாள். காபி குடிக்கும்போதே கொட்டத் தொடங்கியது. இனிகோ பெரிய கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினான். டாக்டரோ, உலகச் சண்டைக் காலத்து மாவு, சீமைக்காரன் எதையோ கலந்து அனுப்புகிறான் என்று திட்டிக்கொண்டே மறுபடி அடைத்தார்.

இன்று மாதா கைவிட்டுவிட்டாள்.

வெள்ளை மாவு தீர்ந்துவிட்டதாம். காலையில் அலமாரி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுச் செசிலிதான் சொன்னாளாம். சண்டை முடிகிறவரை சீமையிலிருந்து வராது, கொழும்பிலும் கிடைக்காது.

"இன்னைக்கு வெள்ளிதாம்லே. இனிமே நீ இந்தப் பக்கம் வரவே வேண்டாம்" என்றார் டாக்டர்.

ஆறுதலாகத்தான் சொன்னார். சண்டை முடியட்டும், அதுவரை ஓட்டையோடு இருந்துகொள்கிறேன் என்று இனிகோ கெஞ்சினான். அதற்குள் பல்லே இருக்காது என்று சொல்லிவிட்டு டாக்டர் பஞ்சைத் திணித்தார்.

அப்போது பெரிய கோயிலில் நடுப்பகல் மணி அடித்தது. வெள்ளியில பாதரசத்தைக் கலந்து வை ஏளா என்று மகளிடம் சொல்லிவிட்டு, டாக்டர் வராந்தாவுக்குப் போய்க் கோயிலைப் பார்த்து நின்று ஜெபம் சொல்லத் தொடங்கினார். இனிகோவும் சொல்ல வேண்டியவன்தான். வாயில் பஞ்சு இருப்பவனை மாதா மன்னித்துக்கொள்வாள்.

செசிலி கண்ணாடிக் கல்வத்தில் வெள்ளித் தூளைப் போட்டு, பாதரசத்தை விட்டு, கரகரவென்று அரைத்தாள். அது இறுகிப் பல்லில் உட்கார்ந்துவிட்டால் இந்த வீட்டு வாசற்படியை மிதிக்க அவனுக்கு வேறு சாக்கு இல்லை. வராந்தாவில் ஜெபம் பாதி தாண்டிவிட்டது. டாக்டர் எதையும் வேகமாகச் சொல்கிறவர்.

"ஹெஹியப்ஹாவ..." என்றான் இனிகோ.

"பஞ்சை எடுத்துட்டுச் சொல்லுங்க." அவள் நிமிரவில்லை.

எடுத்தான். எச்சில் சட்டையில் ஒழுகியது. துடைக்க நேரமில்லை.

"எங்க பெரியப்பாவ உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா? பல்லு காட்ட இல்ல. பொண்ணு கேக்க."

அரைக்கிற சத்தம் நின்றது. செசிலி மேசை இழுப்பறையைத் திறந்தாள். மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் கையை விட்டு, இன்னும் உடைக்காத வெள்ளை மாவுக் குப்பி ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கே அனுப்புங்க" என்றாள். "இத்தனை நாளா மாவைத் தண்ணியாக் குழைச்சு குழைச்சு என் கைதான் ஓஞ்சுபோச்சு. குப்பிய ஒளிச்சு வச்ச பொறவுதான் உங்களுக்கு வாயே தொறக்குது."