நாற்பதாம் சேனலில் ஒரு குரல்

"யாராவது இருக்கீங்களா? நாப்பதாம் சேனல்ல யாராவது கேக்கறீங்களா?"

ட்ராய் வண்டியில் இருந்த இருவழி ரேடியோவின் பொத்தானை விட்டான். மரமே இல்லாத நல்லார்பார் சமவெளியில் நேர்கோடாய்க் கிடந்தது ரோடு. முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. நாற்பத்தாறு டிகிரி வெயில். ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் அடுப்பு வாயில் முகம் வைத்த மாதிரி இருந்தது.

"சொல்லு தம்பி" என்றது ரேடியோ. வயதான குரல். அவசரமே இல்லாத குரல்.

"ஏசி ஃபேன் நின்னுடுச்சுண்ணே. எந்த ஸ்பீடு வெச்சாலும் காத்தே வரலை."

"என்ன வண்டி?"

"பழைய யூட் பிக்கப். வெள்ளை."

ரேடியோ ஒருமுறை கரகரத்தது.

"நிக்கறதுக்கு முன்னாடி குருவி மாதிரி கத்துச்சா?"

"ஆமாண்ணே. எப்படிக் கரெக்டா சொல்றீங்க?"

"வயசாச்சுல்ல. எங்க நிக்கற?"

"ஒட்டகம் வரைஞ்ச மஞ்சள் போர்டுக்குப் பக்கத்துல. அண்ணே, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நான் கால்கூர்லி சுரங்கத்துல நிக்கணும். எட்டு மாசம் அலைஞ்சு கிடைச்ச வேலை. பஸ்ஸை வேற விட்டுட்டேன். லேட்டானா வேற ஆளைப் போட்டுருவாங்க. இந்த வெயில்ல ஃபேன் இல்லாம ராத்திரி வரைக்கும் ஓட்டினா நான் வெந்துடுவேன்."

"பதறாத. முதல்ல சாவியை ஆஃப் பண்ணு. ஸ்டியரிங்குக்குக் கீழ, வலது பக்கம் ஃப்யூஸ் பெட்டி. மேல் வரிசையில மூணாவது."

ட்ராய் தடவித் தடவிக் கண்டுபிடித்தான். ஃப்யூஸை உருவி வெளிச்சத்தில் பார்த்தான்.

"கம்பி அறுந்து போகலைண்ணே."

"அப்ப மோட்டார்தான். உள்ள கார்பன் ப்ரஷ் தேஞ்சிருக்கும். இடது பக்கம் டேஷ்போர்டுப் பெட்டி இருக்கே, அதை முழுசா கழட்டணும். நாலு ஸ்க்ரூ."

"ஸ்க்ரூ டிரைவருக்கு எங்க போறது?"

"சீட்டுக்கு அடியில பாரு. எல்லாரும் அங்கதான் போட்டு வெப்பாங்க."

இருந்தது. சிவப்புப் பிடி.

"உனக்கு இந்த வண்டி அவ்வளவா பழக்கமில்ல போலிருக்கே?"

"இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சுண்ணே" என்றான் ட்ராய். வியர்வை கண்ணில் இறங்கியது.

மூன்று ஸ்க்ரூ சுலபமாக வந்துவிட்டது. நான்காவது துருவேறி அடம்பிடித்தது.

"விட்டுடவா?"

"அதையும் கழட்டணும். மெதுவா செய். அதுக்கு முன்னாடி பெட்டியில இருக்கறதை எல்லாம் எடுத்து ஓரமா வை. என்னென்ன இருக்கு?"

"ஒரு மேப். புதினா மிட்டாய். ஒரு மூக்குக் கண்ணாடி."

"கண்ணாடி பத்திரம். மேல உக்காந்துடாத."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டான் ட்ராய். இருபது நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு பெட்டி கையோடு வந்தது. உள்ளே கறுப்பாய், உருண்டையாய் மோட்டார் தெரிந்தது.

"இப்ப சாவியை ஆன் பண்ணி, ஃபேனை நாலுல வை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால மோட்டாரோட அடியில மூணு தட்டு. பலமா வேண்டாம். ரெண்டு தட்டிட்டு, கொஞ்சம் நிறுத்தி, மூணாவது."

தட்டினான். நிறுத்தினான். மூன்றாவதைத் தட்டினான்.

ஃபேன் உறுமிக்கொண்டு சுழன்றது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ட்ராய் கண்ணை மூடிக்கொண்டான். வேலை பிழைத்தது.

"அண்ணே, நீங்க தெய்வம். எங்க மெக்கானிக்கா இருந்தீங்க?"

"மெக்கானிக் இல்ல தம்பி. ஆடு மேய்க்கறவன்."

ட்ராய் குனிந்து மோட்டாரைப் பார்த்தான். அதன் அடிப்பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே வெளியிலேயே தெரிந்தது.

"பெட்டியைக் கழட்டாமலே கீழேருந்து கைவிட்டுத் தட்டியிருக்கலாம் போலிருக்கே?"

"தட்டியிருக்கலாம்."

"அப்புறம் எதுக்கு நாலு ஸ்க்ரூ?"

பின்னால் ஏர் பிரேக் சீறியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தான். ஒரு நீள லாரி நின்றிருந்தது. அதன் இடது பக்கக் கதவிலிருந்து ஒரு பெரியவர் நிதானமாக இறங்கி, யூட்டை நோக்கி நடந்து வந்தார்.

ஜன்னலருகே வந்து கையை நீட்டினார்.

"கண்ணாடியைக் கொடு. அப்படியே சாவியையும். ரோட்ஹவுஸ் ஹோட்டல்ல சாவியை வண்டியிலயே விட்டுட்டுச் சாப்பிடப் போறது இந்தப் பக்கத்துப் பழக்கம்; வெளியில வந்து பார்த்தா, பதினோரு வருஷமா நான் தட்டித் தட்டி ஓட்டின வண்டியைக் காணோம்."