ஆம்பளை வார்டு

கல்யாணப் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெண்ணின் அம்மா சசிரேகா அந்த வார்த்தையைச் சொல்லும் வரை.

"எங்க கீர்த்தி ஆம்பளைங்க சர்ஜரி வார்டுல நர்ஸா கீறா அண்ணி" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

தாயாரம்மாளுக்கு வாயிலிருந்த காபி கசந்தது. மகனுக்குப் பெண் பார்க்கத் திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூருக்குக் கிளம்பும்போதே, பெண் காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று தெரியும். நர்ஸ் என்றால் பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டுகிறவள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"பாவம், அங்க தூக்கிப் போட்டுட்டாங்களா? சொன்னா மாத்திடுவாங்க இல்ல?"

"யாரும் போடலீங்க. வருசா வருசம் எந்த வார்டு வேணும்னு கேப்பாங்க. இவதான் மூணு வருசமா அதையே கேட்டு வாங்கிக்கினு கீறா."

கேட்டு வாங்குகிறாளாமே. தாயாரம்மாள் மகன் அரவிந்தனைப் பார்த்தாள். அவன் கீர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் பிரயோஜனமில்லை.

புருஷன் துரைராஜைப் பார்த்தாள். வந்தவுடன் ஏரித் தண்ணி, நெல் விலை என்று வாய் ஓயாமல் பேசியவர், கீர்த்தி வந்து "வாங்க" என்று கும்பிட்டதிலிருந்து தலையைக் குனிந்தவர்தான், இன்னும் நிமிரவில்லை. அவருக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஆக, விசாரிக்கிற வேலை வழக்கம்போல அவள் தலையில்தான்.

"ஏம்மா, பிரசவ வார்டு கீது, கொழந்தைங்க வார்டு கீது. எல்லாத்தையும் வுட்டுட்டு ஆம்பளை வார்டுல இன்னா அப்படி?"

கீர்த்தி சிரித்தாள்.

"பொம்பளைங்க வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிடுவாங்க அத்தை. ஆம்பளைங்க சொல்லமாட்டாங்க. மீசையை முறுக்கிக்கினு ஒண்ணும் இல்லம்மாம்பாங்க, கண்ணுல தண்ணி நிக்கும். ஒண்ணுக்குப் போவணும்னாகூட வெக்கப்பட்டுக்கினு அடக்கிக்கினு கெடப்பாங்க. அவங்க சொல்றதுக்கு முன்ன நாம கண்டுபுடிச்சிடணும். அது எனக்குப் புடிச்சிருக்கு."

துரைராஜ் இருமினார். "நேரமாவுது, கெளம்பலாமா?" என்றார் தரையைப் பார்த்தபடி.

"இருங்க" என்றாள் தாயாரம்மாள். "எங்க பக்கத்துல அப்படிக் கண்ணு கலங்குற ஆம்பளை யாரும் இல்லம்மா. நீ யாரைப் பார்த்த, சொல்லு கேப்போம்."

"வார்டுல பார்த்ததை வெளிய சொல்லமாட்டோம் அத்தை."

மரியாதையாகத்தான் சொன்னாள். தாயாரம்மாளுக்கு அது திமிராகப் பட்டது. இனி சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை என்று நேராகவே விஷயத்துக்கு வந்தாள்.

"இந்தா பாரும்மா, உன்னை எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா எங்க ஜனம் நாலு விதமாப் பேசும். கல்யாணத்துக்கு முன்ன நீ பிரசவ வார்டுக்கு மாத்திக்கணும். சரின்னு சொல்லு, இப்பவே பூ வெச்சிடறேன்."

சசிரேகா மகளின் கையை யாரும் பார்க்காதபடி கிள்ளினாள். இரண்டு வருஷமாகத் தேடி, இப்போதுதான் எல்லாம் கூடி வந்த வரன்.

கீர்த்தி அரவிந்தனை ஒருமுறை பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போயிருந்தது.

"எனக்கும் இவரைப் புடிச்சிருக்கு அத்தை. ஆனா வார்டை மாத்திக்க மாட்டேன். மாத்திக்கினா நோயாளிங்களைத் தொட்டுப் பார்க்கறது தப்புன்னு ஒத்துக்கின மாதிரி ஆயிடும்."

அவ்வளவுதான். தாயாரம்மாள் பூப் பையை மடியில் இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா..." என்றான் அரவிந்தன்.

"நீ சும்மா இருடா. இன்னாங்க, வாங்க போவலாம்."

துரைராஜ் அசையவில்லை.

"உங்களைத்தான். அப்போலேர்ந்து கெளம்பலாம்னு நீங்கதானே பறந்துக்கினு இருந்தீங்க?"

அவர் மெதுவாக நிமிர்ந்து, அன்றைக்கு முதல்முறையாகக் கீர்த்தியின் முகத்தை நேராகப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக ஆட்டினாள்.

"பொண்ணு அந்த வார்டுலயே இருக்கட்டும்" என்றார்.

"அந்த வார்டைப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?"

துரைராஜ் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தை மாசம் நெல்லு போடப் போறேன், கொள்முதல் நிலையத்துல நாலஞ்சு நாள் காத்துக் கெடக்கணும்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனேனே தாயாரு, அத்தனை நாளும் மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கினு இந்தப் பொண்ணு வார்டுலதான் குப்புறக் கெடந்து அழுதுக்கினு இருந்தேன், சொல்லிடுமோ சொல்லிடுமோன்னு உசுரைக் கையில புடிச்சிக்கினு குந்தியிருக்கேன், கல்யாணமே கைவிட்டுப் போவுது, அப்பக்கூட அது என்னைக் காட்டிக் குடுக்கல."