தூங்கும் பிள்ளையின் பாதம்

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த தணிகைவேலின் உள்ளங்காலில் யாரோ முத்தம் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வயதில், அதுவும் பித்தவெடிப்பு விழுந்த காலில் முத்தம் வாங்கினால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? மனைவியாக இருக்க வாய்ப்பே இல்லை, "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன, கரன்ட் பில்லா ஏறும்?" என்று வருஷக்கணக்காகக் கேட்டுச் சலித்தவள் அவள். இமையிடுக்கால் பார்த்தான். அப்பா ஏகாம்பரம்! பெற்ற மகன் தோளில்கூட ஒரு நாளும் கை போடாத மனிதர், அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். பெரியவர் வாய் தன் காலில் படுவதா? பதறிப்போய் இழுக்கப் போனவன், பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டு அசையாமல் கிடந்தான். "போதும் வாங்க, முழிச்சிக்கப் போறான்," என்றாள் அம்மா. "இவன் தூக்கம் எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. "முழிச்சிருக்கும்போது கொஞ்சினா புள்ள கெட்டுப்பூடும்னு, தூங்கும்போதுதானே தினம் கொடுப்பேன். கல்யாணம் ஆச்சு, உள்ள தாப்பா போட்டுக்கிட்டான். அதோட நின்னுபோச்சு." தணிகைவேல் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான். அத்தனை முத்தத்தையும் தூங்கியே தொலைத்திருக்கிறான். இப்போது முழித்துக்கொண்டால் இதுவும் போச்சு. அதற்குள் பாழாய்ப்போன கட்டைவிரல் கூச்சத்தில் தானாக நெளிந்தது. அப்பாவின் கை அப்படியே நின்றது. "டேய், முழிச்சிருக்கியா?" பழைய அதட்டல் குரல். தணிகைவேல் வாயை லேசாகப் பிளந்து, தன்னால் முடிந்த அளவுக்குப் பெரிய குறட்டை ஒன்றை விட்டான்; இன்னொரு காலைப் போர்வைக்கு வெளியே மெல்ல நீட்டினான்.