எபேசு கண்ட தாசில்தார்

பவுல் அப்போஸ்தலர் நடந்த ஊர்களைக் காட்ட, 1934இல் பம்பாயிலிருந்து ஒரு யாத்திரைக் கப்பல் ஐம்பது கிறிஸ்தவர்களோடு போய்வந்தது. அதில் போய்த் திரும்பிய ஓய்வுபெற்ற தாசில்தார் தேவசகாயம், சங்ககிரி சபை மண்டபத்தில் ஒரு மணி நேரம் முழங்கினார்.

“எபேசு அரங்கத்தின் கல்படிகளில் நின்றபோது என்னையறியாமல் அழுதுவிட்டேன்!”

சபையும் கடமைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கடைசி வரிசையில் அவருடைய சமையற்காரன் மாதையன் கைகட்டி நின்றான். கப்பலிலும் அவருக்குத் துணையாகப் போனவன் அவன்தான். மனைவி அங்காளம்மாள் அவன் காதருகே முணுமுணுத்தாள்.

“ஏனுங்க, நீங்களுந்தான போனீங்க? ஊட்டுல கேட்டா வாயே தொறக்க மாட்டீங்கறீங்க. கஞ்சி காச்சறதுக்கா கடல் தாண்டிப் போனீங்க?”

“கஞ்சியுந்தான் காச்சுனேன். சும்மா இரு புள்ள.”

“அவரு கண்டதையெல்லாம் எத்தன அழகாச் சொல்றாரு! உங்களுக்குக் கண்ணிருந்தும் என்ன புண்ணியம்?”



கைதட்டல் ஓய்ந்ததும் தாசில்தார் அவனை மண்டபத்தின் பின்பக்கம் தனியே அழைத்துப்போனார்.

“மாதையா, நாளைக்குத் திருச்செங்கோட்டுல கொரிந்துப் பட்டணத்தப் பத்திப் பேசோணும். அங்க என்னடா பாத்தே? ஒண்ணு விடாமச் சொல்லு.”

பம்பாயில் ஏறிய நாள் முதல் வாந்தி எடுத்தபடி படுக்கையில் கிடந்தவர், எந்தத் துறைமுகத்திலும் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. அதை யாரிடமும் சொல்லக் கூடாதென்று மாதையனிடம் சத்தியமும் வாங்கியிருந்தார்.

“சொல்றேனுங்க சாமி,” என்றான் மாதையன். “ஆனா இந்த வாட்டி அங்காளம்மாளும் கூட உக்காந்து கேக்கட்டுமுங்க.”